சேவ் ஃபைல் விடைத்தாள் இல்லை, டீச்சர்

கோடு போட்ட தாளில், மார்ஜின் விட்டு, பதினொரு பக்கத்துக்கு, மனநல மருத்துவரான எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் தென் மாவட்டம் ஒன்றில் மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியை. வயது 47. கணவர் அரசு வேலையில் இருக்கிறார். ஒரே மகன், வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார், அதனால் டீச்சர் என்றே கூப்பிடுகிறேன்.

மகன் கல்லூரிக்குப் போகும்போது தன் பிளேஸ்டேஷனை வீட்டிலேயே விட்டுப் போயிருக்கிறான். இரண்டு வருஷம் பழைய துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு டிவிக்குக் கீழே கிடந்தது. போன கோடை விடுமுறையில் தூசி தட்டப் போன டீச்சர், சும்மா ஆன் செய்து பார்த்தார். எட்டு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் நான்கு கேம்களை முடித்திருக்கிறார், ஐந்தாவது பாதியில் நிற்கிறது. ஒவ்வொன்றைப் பற்றியும் விரிவாக எழுதி, ஓரத்தில் சிவப்பு மையில் மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார். ஜர்னிக்கு 92. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு 88. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு முதலில் 35, பிறகு அதை அடித்துவிட்டு 60. மகனின் பழைய லேப்டாப்பில் விளையாடிய வெண்பாவுக்கு 70. செலஸ்ட் இன்னும் முடியவில்லை என்பதால் அதற்கு எதிரே ‘முடிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுச் சத்தமாகவே சிரித்தேன்.

சிரிப்பு அதோடு சரி. கேம்களுக்குள் மகன் விட்டுப்போன சேவ் ஃபைல்களையும், அதாவது எதுவரை விளையாடினான் என்று சேமித்து வைத்திருக்கும் பதிவுகளையும், அவர் பார்த்திருக்கிறார். பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம், இரவு 2:40-க்குச் சேமித்த ஒரு ஃபைல் அதில் இருந்திருக்கிறது. பதற்ற நோயோடு மலையேறும் ஒரு பெண்ணைப் பற்றிய செலஸ்டில் அவன் 4,816 முறை செத்திருக்கிறான். ‘பக்கத்து அறையில்தானே படுத்திருந்தேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே’ என்று எழுதியிருக்கிறார் டீச்சர். கேம்களைப் பற்றி மகனுக்கு நீள நீளமாக வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். அவனிடமிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் வருகிறது. கணவரோ, ‘பையன் விட்டுட்டுப் போனதை இந்த வயசுல நீ எடுத்துக்கிட்ட’ என்கிறார். அதோடு, கேம் எல்லாவற்றையும் அரசாங்கமே தடை செய்துவிட்டது என்றும் சொல்கிறாராம்.

டீச்சரின் கேள்விகள் மூன்று. எனக்குக் கேம் போதை வந்துவிட்டதா? என் மகன் மனதளவில் பாதிக்கப்பட்டவனா, வேறு ஏதாவது காரணம் சொல்லி அவனை உங்களிடம் கூட்டிவரலாமா? இதையெல்லாம் நான் மூட்டை கட்டி வைத்துவிடட்டுமா?

டீச்சர், உங்கள் கணவர் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்வது பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் கேம்களை. ரம்மி, போக்கர் மாதிரி, பணம் வைத்துப் பணம் எதிர்பார்க்கும் சமாச்சாரம். காசு கொடுத்து டிஸ்க் வாங்கி, வீட்டு ஹாலில் உட்கார்ந்து கதையாக விளையாடும் கேமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போலீஸ் வராது.

போதையா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு என்று ஒன்று இருப்பது உண்மைதான். 2019-இல் ஏற்றுக்கொண்டார்கள், 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் அந்தப் பெயரை மட்டும் கேள்விப்பட்டுப் பயந்திருக்கிறீர்கள். உள்ளே சொல்லியிருப்பது இது: எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற பிடி கையை விட்டுப் போயிருக்க வேண்டும். மற்ற வேலைகளையும் ஆசைகளையும் தள்ளிவிட்டு விளையாட்டு முன்னால் வந்து நிற்க வேண்டும். கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அது தொடர வேண்டும், அல்லது இன்னும் கூடிக்கொண்டே போக வேண்டும். இதனால் குடும்பமோ வேலையோ படிப்போ நன்றாகவே அடிபட்டிருக்க வேண்டும். பொதுவாக இது பன்னிரண்டு மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வோம். எத்தனை மணி நேரம் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் நோயாளி என்று முத்திரை குத்துவதில்லை.

நீங்கள் எழுதியிருப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரவு பத்திலிருந்து பன்னிரண்டு. சனிக்கிழமை மட்டும் இரண்டு மணி வரை. காலாண்டுத் தேர்வுத் தாள்கள் வீட்டுக்கு வந்த இரண்டு வாரமும் கண்ட்ரோலரைத் தொடவே இல்லை. ஒரு திங்கட்கிழமை முதல் பீரியடுக்குப் பத்து நிமிடம் தாமதம், ஒருமுறை பால் பொங்கிவிட்டது. இதற்குப் போதை என்று பெயர் வைத்தால், நெடுந்தொடர் பார்க்கும் பாதி ஊரையும் நான் கூப்பிட வேண்டியிருக்கும்.

ஆனால் ஒரு வரியை ரொம்பச் சாதாரணமாக எழுதிக் கடந்துவிட்டீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து விழித்துக்கொள்கிறேன், மறுபடி தூக்கம் வருவதில்லை, கேமைப் பற்றி யோசிப்பதால்தான் இருக்கும் என்று. டீச்சர், உங்களுக்கு 47 வயது. மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் இப்படி வியர்த்து விழிப்பு வருவது மிகவும் சகஜம். தைராய்டாகவும் இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். எல்லாப் பழியையும் பிளேஸ்டேஷன் மேல் போடாமல் இந்த மாதமே மகளிர் நல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். சனிக்கிழமை இரண்டு மணியைப் பன்னிரண்டரையாகக் குறைப்பது கூடுதல் நல்லது.

35-ஐ அடித்துவிட்டு 60

உங்கள் கருத்துகளைப் பற்றிப் பேசாமல் போக முடியவில்லை. கதையோடு விளையாடும் கேம் எதையும் தொட்டே பார்க்காத ஒருவர், முதல் வாரம் கேமரா சுற்றியதில் தலை சுற்றிப் படுத்துக்கொண்ட ஒருவர், குதிரையை மரத்துக்கு மரம் மோதிக்கொண்டே ஓட்டிய ஒருவர் எழுதியதுபோல அவை இல்லை.

ஜர்னியைப் பாலைத்திணை என்று எழுதியிருக்கிறீர்கள். மணல்வெளியில் தன்னந்தனியாகப் போகும் உருவம், தூரத்தில் ஒரு மலை, வழியில் வந்து சேரும் இன்னொரு உருவம். பேச்சு கிடையாது, மணியோசை மாதிரி ஒரு சின்னக் கூவல் மட்டும்தான். பனியில் இரண்டு பேரும் ஒட்டி நடந்தால்தான் கொஞ்சம் தெம்பு. கூட வந்தது கம்ப்யூட்டர் என்றே கடைசி வரை நினைத்திருந்தீர்கள். முடிந்த பிறகு, வழித்துணையாக வந்தவரின் பெயர் திரையில் தெரிந்தபோதுதான் உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து விளையாடிய நிஜ ஆள் என்று புரிந்திருக்கிறது. ‘முன்பே தெரிந்திருந்தால் பனியில் அவரை விட்டுவிட்டு முன்னால் போயிருக்க மாட்டேன்’ என்ற உங்கள் வரிக்கே 92 கொடுக்கலாம்.

ரெட் டெட் 2-இல் நடப்பது 1899. கடன் வசூலுக்குப் போன இடத்தில், நாம் இயக்கும் கொள்ளைக்காரன் ஆர்தர் மார்கன் ஒரு நோஞ்சான் விவசாயியை அடிக்கிறான், அந்த ஆள் ஆர்தரின் முகத்தில் இருமிவிடுகிறான். பல மணி நேரம் விளையாடிய பிறகு ஊர் மருத்துவர் காசநோய் என்று சொல்லும்போதுதான் அந்த இருமல் நமக்கு நினைவுக்கு வருகிறது. ‘அடித்தது என் விரல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாத்தா தாம்பரம் சானடோரியத்தில் இறந்தது, வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைக்கூடச் சொல்லாதது, இவையெல்லாம் அடுத்த பத்தியில் வருகின்றன. 1882-இலேயே கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள், மருந்து வர 1940-கள் ஆகிவிட்டன. ஆர்தர் மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில். சானடோரியத்தில் அடைத்து வைக்காமல் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் வகுப்பில் சொல்லுங்கள். ஒரு கேமுக்காக அழுதது பைத்தியக்காரத்தனமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அழுதது யாருக்காக என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

லாஸ்ட் ஆஃப் அஸ்தான் உங்களைக் கோபப்படுத்திய கேம். எல்லி என்ற பெண்ணை மகள் மாதிரி வளர்த்த ஜோயலை, ஆரம்பத்திலேயே ஆபி என்ற பெண் அடித்துக் கொல்கிறாள். பழிவாங்கக் கிளம்பும் எல்லியாக நம்மைப் பாதி தூரம் கூட்டிப்போய், நடுவில் திடீரென்று அந்த ஆபியையே நம் கையில் கொடுத்து விளையாடச் சொல்கிறார்கள். அவளுடைய அப்பாவைக் கொன்றவன் ஜோயல். கண்ட்ரோலரை வைத்துவிட்டு நான்கு நாள் தொடாமல் இருந்திருக்கிறீர்கள். இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2020-இல் கேம் வெளிவந்தபோது உலகம் முழுவதும் பெரிய சண்டையே நடந்தது, ஆபிக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. நீங்கள் 35 போட்டதோடு நிறுத்தியிருக்கிறீர்கள், அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். கடைசியில் கடற்கரைச் சண்டை, எலும்பும் தோலுமாக நிற்கும் ஆபியை எல்லி அடிக்க வேண்டும். ‘பட்டனை அழுத்த மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். நான் அழுத்தாமல் கதை நகராதாம். அப்படியென்றால் என்னைக் கேட்டது எதற்கு?’ கேம் விமர்சகர்கள் இன்றும் சண்டை போடும் இடத்துக்கு நீங்கள் நேராக வந்து சேர்ந்துவிட்டீர்கள். என் கருத்து வேறு. அந்த வெறுப்பு நம் விரலில் ஏற வேண்டும் என்றுதான் பிடிவாதமாக அழுத்தச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவள் வெற்று வீட்டுக்குத் திரும்பி வந்து, விரல்கள் போன கையால் கிடாரை வாசிக்கப் பார்க்கும்போதுதான் நீங்களும் 60-க்கு ஏறியிருக்கிறீர்கள். நான் 75 போடுவேன். மறுகூட்டலுக்கு விண்ணப்பம் கொடுக்கிறேன்.

வெண்பாவில் உங்களிடம் ஒரு சின்னச் சண்டை. 1980-களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். ‘பெயர் வைத்தவருக்கு யாப்பு தெரிந்திருக்கிறது’ என்று மெச்சிவிட்டு, இட்லித் தட்டைச் சரியாக அடுக்கத் தெரியாமல் மூன்று முறை கெடுத்ததையும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். முப்பது வருஷமாக இட்லி ஊற்றுபவருக்கே! ஆனால் அப்புறம் முழுக் கோபமும் கவின் மேல் திரும்புகிறது. அம்மாவின் சாப்பாடும் தமிழும் வேண்டாம் என்று தள்ளிப்போகிற பிள்ளை, அதற்காக 30 மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன் என்கிறீர்கள். பின்பகுதியில் அதே கவினாக நம்மை நிற்கவைக்கிறார்கள், அம்மாவின் சமையல் குறிப்பில் உள்ள தமிழை அவன் தட்டுத்தடுமாறிப் படிக்கிறான். அதைப் பற்றி உங்கள் பதினொரு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆபியாக நிற்க நான்கு நாள் எடுத்துக்கொண்டீர்கள். கவினாக நீங்கள் இன்னும் நிற்கவில்லை என்று நினைக்கிறேன்.

4,816

இனி மகன். செலஸ்ட் ஃபைலில் இரண்டு எண்கள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள்: 4,816 சாவு, 31 மணி நேரம். வகுத்துப் பார்த்தேன். 23 வினாடிக்கு ஒரு சாவு வருகிறது. டீச்சர், செலஸ்டில் அது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரக்கூடிய கணக்குதான். முள்ளில் பட்டால் சாவு, பள்ளத்தில் விழுந்தால் சாவு, கண் மூடித் திறப்பதற்குள் அதே திரையில் மறுபடி நிற்கலாம். எத்தனை முறை செத்தாய் என்பதை எண்ணிப் பெருமைப்படு, சாகச் சாகத்தான் கற்றுக்கொள்கிறாய் என்று ஆரம்பத்திலேயே ஓர் அஞ்சலட்டை காட்டுகிறார்களே, ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் அடுத்த ஃபைலில் 3,127 முறை செத்திருக்கிறீர்கள், இன்னும் உச்சியைத் தொடவில்லை. உங்கள் மகன் விடுமுறைக்கு வந்து அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குக் கடிதம் எழுதினால்?

அந்தக் கேம் பதற்றத்தைப் பற்றியது என்பது உண்மை. மலையேறும் அந்தப் பெண் மேடலினுக்கு மூச்சுத் திணறும்போது, ஓர் இறகை மனதில் நினைத்து அது கீழே விழாமல் மூச்சு விடச் சொல்லும் காட்சி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ‘என் பிள்ளை இதை ராத்திரியில் தனியாக உட்கார்ந்து செய்திருக்கிறான்’ என்று எழுதினீர்கள். செய்திருப்பான். ஆனால் கஷ்டமான கேம் என்று நண்பன் சவால் விட்டதால் செய்திருக்கலாம். பாட்டு பிடித்திருக்கலாம். உண்மையிலேயே பதற்றமும் இருந்திருக்கலாம். பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் பதற்றமே இல்லாத பிளஸ் டூ பிள்ளை எத்தனை பேர்? இரவு 2:40 என்ற நேரம் அவன் தூங்கவில்லை என்பதைத்தான் சொல்லும். ஏன் தூங்கவில்லை என்பது அந்த ஃபைலில் இருக்காது. விடைத்தாள் என்றால் மாணவன் உங்களுக்காக எழுதியது. இது அவன் யாருக்காகவும் எழுதியதில்லை. இதைத் திருத்த உட்கார்ந்தால் நாம் போடும் மதிப்பெண் எல்லாம் நம்முடைய பயத்துக்குத்தான் போகும்.

இவ்வளவு கொடூரமான கேம்களை விளையாடி மனம் கல்லாகியிருக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தெளிவாகவே சொன்னது: வன்முறை கேம்களையும் நிஜ வன்முறைச் செயல்களையும் முடிச்சுப் போடப் போதுமான ஆதாரம் இல்லை. கத்துவது, தள்ளுவது மாதிரியான சின்ன மூர்க்கத்தோடு ஓரளவு தொடர்பு தெரிகிறது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு என்று முத்திரை குத்திய கேமை அவன் கொஞ்சம் முன்னாலேயே விளையாடியிருக்கிறான். அது நீங்கள் அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போது அவனுக்கு 20 வயது.

கூட்டிவரலாமா?

வேறு காரணம் சொல்லி, வேண்டாம். 18 வயது தாண்டியவர், அவசரமான ஆபத்து எதுவும் இல்லாத நிலையில், சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதைத் தானே முடிவு செய்ய 2017-இன் மனநலச் சட்டம் உரிமை கொடுக்கிறது. அவனே விரும்பி வந்தாலும், அவன் சொன்னதை அவன் சம்மதம் இல்லாமல் நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். சட்டத்தை விடுங்கள், பல் டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லி என் அறைக்குள் கொண்டுவந்து உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் அரை மணி நேரம் சுவரைப் பார்ப்பார்கள். அடுத்த பல வருஷம், உண்மையிலேயே தேவைப்படும்போதுகூட, இந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

நான் கவலைப்படுவதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் மாறிப்போவது, வகுப்புக்குப் போகாமல் இருப்பது, திடீரென்று அரியர் குவிவது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது, குடி கூடுவது, ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்ற பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருள்களைத் தூக்கிக் கொடுத்துவிடுவது. இதில் எதையாவது பார்த்தால் சுற்றி வளைக்காமல் நேராகவே கேளுங்கள், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும்கூட. கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிடுவோம் என்பது தவறான பயம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், அவனும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் பையன் வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான். ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டுகிறான். நண்பர்களோடு மூணார் போகப் பணம் கேட்டு வாங்கியிருக்கிறான். போன செமஸ்டரில் எல்லாவற்றிலும் பாஸ். நான் இப்போதைக்குப் பயப்படவில்லை.

அவன் கட்டைவிரலோடு நிறுத்திக்கொள்வது ஏன் என்று பார்க்க, நீங்கள் நகலெடுத்து அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியை இரண்டு முறை படித்தேன். நாற்பது வரி. முதல் முப்பது வரி அருமை. அப்புறம், ‘எல்லி அவளை விட்டுவிட்டது சரியா? நீ அப்போது என்ன நினைத்தாய்? ஏன் என்னிடம் சொல்லவில்லை?’ காரணத்துடன் விளக்குக என்பது ஒன்றுதான் பாக்கி. பாதுகாப்பான பதில் அவனுக்கு அந்தக் கட்டைவிரல்தான். உங்கள் கருத்துகளை எழுதுவதை நிறுத்தாதீர்கள். அவற்றுக்கென்று ஒரு தனி நோட்டு போடுங்கள். ஸ்டாஃப் ரூமில் ஒருவராவது கேட்பவர் இருப்பார். இவ்வளவு நன்றாக எழுதுகிறவர், ஒரே ஒரு வாசகனை, அதுவும் பதில் சொல்லியே தீர வேண்டிய நிலையில் இருக்கும் ஒருவனை வைத்துக்கொண்டு எழுத வேண்டியதில்லை.

அந்த 81 சதவீதம்

ஒன்பதாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு ஒப்புதல் இருக்கிறது. ரெட் டெட்டை மகனின் பெயரிலேயே திறந்து புதிதாகத் தொடங்கியதில், தானாகச் சேமித்துக்கொள்ளும் ஃபைல் உங்களுடையதாக மாறி, அவனுடைய 81 சதவீதம் போய்விட்டது. எட்டு மாதமாகச் சொல்லவில்லை.

சொல்லிவிடுங்கள். எதையும் சேர்க்காமல், ‘உன் ரெட் டெட் ஃபைலைத் தெரியாமல் அழித்துவிட்டேன், மன்னித்துக்கொள்’ என்று மட்டும். அவன் கொஞ்சம் கத்தலாம். பிளேஸ்டேஷன் சந்தா இருந்து, பழைய நகல் கிளவுடில் தப்பியிருந்தால் அதை எடுக்கவும் அவனால்தான் முடியும். எட்டு மாதமாக நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவன் இருந்தான். இந்த ஒரு விஷயத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவனுக்கு அது புதிதாக இருக்கும். உங்களுக்கென்று தனிப் பெயரில் ஒரு கணக்கு திறப்பது எப்படி என்றும் அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள், மற்ற ஃபைல்களாவது மிஞ்சும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மூட்டை கட்ட வேண்டாம். ஆனால் ஹாலில் நீங்கள் உட்கார்ந்தால் உங்கள் கணவர் உடனே படுக்கப் போய்விடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது எனக்கு உறுத்தியது. அவர் கிரிக்கெட் பார்ப்பதைச் சொல்லிக் காட்டி இதில் ஜெயிக்க முடியாது. ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, ‘குதிரை நல்லா இருக்கே, ஆத்துல மீன் பிடிக்கலாமா?’ என்று கேட்டாராம். நீங்கள் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டீர்கள். ஆற்றங்கரையில் தூண்டிலோடு வளர்ந்த மனிதர் அவர், நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். ரெட் டெட்டில் தூண்டில் போடலாம் டீச்சர், விதவிதமான மீன் கிடைக்கும். அடுத்த சனிக்கிழமை கண்ட்ரோலரை அவர் கையில் கொடுத்துவிட்டு, குதிரை மரத்தில் மோதும்போது சிரிக்காமல் இருந்து பாருங்கள்.

செலஸ்டில் ஏழாம் அத்தியாயத்தின் கடைசிக் கொடிகளில் மாட்டிக்கொண்டு நிற்பதாகச் சொன்னீர்கள். மெனுவில் அசிஸ்ட் மோடு என்று ஒன்று இருக்கிறது. வேகத்தைக் குறைக்கலாம், தாவுவதற்குக் கூடுதல் பலம் வாங்கலாம். கேமைச் செய்தவர்களே வைத்தது, காப்பியடிப்பதில் சேராது. நானும் அதைப் போட்டுத்தான் ஏறினேன். வேண்டாம், மகனிடமே வழி கேட்டுக்கொள்கிறேன் என்றால் அந்தத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கீழே வேறு எதுவும் எழுத வேண்டாம்.